நுண்குமிழிச் சிகிச்சை: நம்பிக்கை கொள்வோம், நாளைக் கடத்த வேண்டாம்

சில மாதங்களுக்கு முன், கணையப் புற்றுநோய் கண்டிருந்த பெரியவர் ஒருவரை அவருடைய மகன் எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு அழைத்து வந்தார். கட்டி முக்கியமான இரத்தக் குழாய்களைச் சூழ்ந்திருந்ததால் அறுவைக்கு இடமில்லை. கீமோதெரபியின் முதல் சுற்றுக்கு நாள் குறித்துக் கொடுத்தோம். அப்போது மகன் தம் கைப்பேசியில் சேமித்து வைத்திருந்த செய்தி ஒன்றைக் காட்டினார். "இரத்தத்தில் குமிழிகளைச் செலுத்தி, ஸ்கேன் கருவியால் அவற்றை அதிர வைத்து, மருந்தைக் கட்டிக்குள் புகுத்துகிறார்களாம். அப்பாவுக்கு அதைச் செய்ய முடியுமா டாக்டர்?" என்று கேட்டார்.

வெளியே நாற்பது பேர் காத்திருந்தனர். "அது ஆராய்ச்சியில்தான் இருக்கிறது, இங்கே கிடையாது" என்று ஒரே வரியில் விடை கூறி அனுப்பிவிட்டோம்.

குறித்த நாளில் அவர்கள் வரவில்லை. ஐந்து வாரங்கள் கழித்து வந்தபோது பெரியவரின் கண்கள் மஞ்சளாகியிருந்தன; உடல் மெலிந்திருந்தது. "இங்கே கிடையாது" என்ற சொல்லை "வேறெங்கோ கிடைக்கும்" என்று புரிந்துகொண்டு, அந்தச் சிகிச்சையைத் தேடி மகன் மூன்று நகரங்களுக்கு அலைந்திருந்தார். பித்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்து, காமாலை இறங்கும் வரை காத்திருந்து, அதன் பின்னரே கீமோதெரபியைத் தொடங்க முடிந்தது.

அந்த ஐந்து வார இழப்பில் எங்களுக்கும் பங்குண்டு. மகன் கேட்ட கேள்வி அறிவார்ந்த கேள்வி. அதற்கு முழுமையான விடை தந்திருக்க வேண்டும். அன்று சொல்லத் தவறியதை, அதே கேள்வியுடன் இனி வரவிருக்கும் குடும்பங்களுக்காக இங்கே எழுதுகிறோம். இதில் எங்கள் நிலைப்பாடு யாது என்பதையும் மறைக்காமல் கூறுகிறோம்.

மருந்து ஏன் சென்று சேர்வதில்லை?

கை நரம்பில் ஏற்றப்படும் மருந்து இரத்தத்தோடு கலந்து உடல் முழுவதும் ஓடுகிறது. கட்டியை மட்டும் தேடிச் செல்லும் அறிவு அதற்கு இல்லை. தலைமுடியின் வேர், குடலின் உட்சுவர், எலும்பு மச்சை என்று விரைவாக வளரும் செல்கள் இருக்கும் இடமெல்லாம் அது தன் வேலையைக் காட்டுகிறது. முடி உதிர்வதும், வாய் புண்ணாவதும், வெள்ளணுக்கள் குறைவதும் இதனாலேயே.

ஆற்றுப் பாசனத்தை அறிந்தவர்களுக்கு இதை எளிதில் விளக்கலாம். அணை திறந்தவுடன் தலைமடை வயல்களுக்குத் தண்ணீர் பாய்ந்துவிடும். கடைமடை வயலுக்கு வந்து சேர்வதே பெரும்பாடு. வாய்க்கால் தூர்ந்திருந்தால் அங்கே பயிர் காயும். அதற்காக அணையை இன்னும் அகலத் திறந்தால் தலைமடை மூழ்குமே தவிர, கடைமடைக்கு நீர் வராது. மருந்தின் அளவைக் கூட்டுவதற்கும் இதே எல்லை உண்டு. குறிப்பிட்ட அளவுக்கு மேல் போனால் நோய்க்கு முன்பாக நோயாளி தளர்ந்துவிடுவார்.

கணையப் புற்றுநோய்க் கட்டி அப்படியொரு கடைமடை. அதில் புற்றுச் செல்களைச் சுற்றி நார்த்திசு கெட்டியாகப் படிந்திருக்கும். அந்த இறுக்கத்தில் மெல்லிய இரத்தக் குழாய்கள் நசுங்கிப் போகின்றன. இரத்தம் குறைவாகச் செல்லும் இடத்துக்கு மருந்தும் குறைவாகவே செல்லும். இந்நோய் கீமோதெரபிக்கு எளிதில் பணியாததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

மூளையின் நிலை வேறு. அங்கே இரத்தக் குழாய்கள் ஏராளம். ஆனால் அவற்றின் சுவர்ச் செல்கள் ஒன்றோடொன்று இடைவெளியின்றிப் பிணைந்துள்ளன. நஞ்சும் கிருமியும் மூளைக்குள் நுழையாமல் காக்கும் இயற்கையின் ஏற்பாடு அது. இரத்த மூளைத் தடுப்பு என்று அதனைக் கூறுவோம். தீயதைத் தடுக்கும் அந்தக் காவலே நல்ல மருந்துகளில் பெரும்பாலானவற்றையும் வாசலிலேயே நிறுத்திவிடுகிறது.

குமிழி என்ன செய்கிறது?

நுண்குமிழி என்பது வாயு நிரம்பிய மிகச் சிறிய உருண்டை. அதன் விட்டம் ஏறத்தாழ 1 முதல் 10 மைக்ரான் வரை; ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. வழக்கத்தில் உள்ள குமிழிகளுள் பெரும்பாலானவை 7 அல்லது 8 மைக்ரான் அகலமுள்ள சிவப்பணுவைவிடச் சிறியவை. ஆகவே சிவப்பணு நுழையும் இடமெல்லாம் அவையும் நுழைந்து வெளிவரும். உள்ளே இருப்பது சல்ஃபர் ஹெக்சாஃபுளோரைடு போன்ற, இரத்தத்தில் எளிதில் கரையாத வாயு. மேலுறை கொழுப்புப் பொருளாலோ அல்புமின் என்னும் புரதத்தாலோ ஆனது. சில நிமிடங்களில் குமிழி கலைந்துவிடும். வாயு மூச்சுக்காற்றோடு வெளியேறிவிடும்.

இக்குமிழிகள் மருத்துவத்துக்குப் புதியவை அல்ல. 1968-இல் அமெரிக்க மருத்துவர்களான கிராமியாக், ஷா ஆகியோர், இதயத்தை மீயொலியால் படம் பிடிக்கையில், குழாய் வழியே திரவம் செலுத்திய நொடியில் திரையில் வெண்மேகம் போன்ற ஒளி தோன்றுவதைப் பதிவு செய்தனர். திரவத்தோடு சென்ற சிறு காற்றுக் குமிழிகளே அதற்குக் காரணம் என்பது பின்னர் தெளிவாயிற்று. அந்த அறிவிலிருந்து பிறந்த குமிழி மருந்துகள், இதய அறைகளையும் கல்லீரல் கட்டிகளையும் தெளிவாகக் காண்பதற்கு இன்று பல நாடுகளில் அன்றாடம் பயன்படுகின்றன. நம் நாட்டிலும் சில மருத்துவமனைகளில் இந்தப் பரிசோதனை உண்டு. அவை சிறுநீரகத்தின் வழியாக வெளியேறுவதில்லை. ஆதலால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் பெரும்பாலும் ஏற்றவை.

படம் பிடிக்க உதவிய குமிழி, மருந்துக்கு வழிதிறக்கும் கருவியாகவும் ஆனது எவ்வாறு? மீயொலி என்பது நம் செவிக்கு எட்டாத ஒலி. அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் என்று நாம் வழங்குவது அதைத்தான். அந்த ஒலியலை குமிழியின் மேல் படும்போது, அழுத்தம் கூடுகையில் குமிழி சுருங்கும், குறைகையில் விரியும். ஒரு மெகாஹெர்ட்ஸ் ஒலியில் இது நொடிக்குப் பத்து இலட்சம் முறை நிகழ்கிறது. இவ்வாறு துடிக்கும் குமிழி தன்னைச் சூழ்ந்த நுண்ணிய இரத்தக் குழாயின் சுவரைத் தள்ளி இழுக்கிறது. சுவர்ச் செல்களுக்கிடையே உள்ள பிணைப்பு சற்று நெகிழ்கிறது. செல்லின் மேலுறையிலும் தற்காலிகமான துளைகள் உண்டாகின்றன. அந்த வேளையில் இரத்தத்தில் மருந்து இருந்தால் அது உள்ளே கசிந்து செல்லும். ஒலியை எங்கே குவிக்கிறோமோ அங்கே மட்டுமே இது நடைபெறும். உடலின் மற்ற பாகங்களில் குமிழி ஓசையின்றிக் கடந்து போய்விடும்.

செய்திகளில் பலவேளை ஒரு தவறு நேர்கிறது. குமிழிக்குள் மருந்தை அடைத்து அனுப்பி, கட்டியில் வெடிக்கச் செய்வதாக எழுதுகிறார்கள். அப்படிப்பட்ட முயற்சிகளும் ஆய்வுக்கூடங்களில் உண்டு. ஆனால் நோயாளிகளிடம் நடந்த முக்கிய ஆய்வுகளில் மருந்து தனியாகவும் குமிழி தனியாகவும் ஏற்றப்பட்டன. குமிழி மருந்தைச் சுமந்து செல்லவில்லை. கடைமடை வாய்க்காலின் அடைப்பை நீக்கிக் கொடுத்தது. ஓடிய மருந்து ஏற்கெனவே நாம் அறிந்த பழைய மருந்தே.

கணையத்தில் நடந்த ஆய்வு

எங்களிடம் வந்த மகன் படித்த செய்தியின் வேர், நார்வே நாட்டின் பெர்கன் நகரில் உள்ள ஹவுக்கலாண்ட் பல்கலைக்கழக மருத்துவமனையில் நடந்த ஆய்வு. 2016-இல் அதன் முடிவு வெளியாயிற்று. அறுவை செய்ய இயலாத கணையப் புற்றுநோயாளிகள் 10 பேர் அதில் பங்கேற்றனர். ஜெம்சிட்டபின் மருந்தை வழக்கம்போல் ஏற்றினர். பிறகு, சிறிது மாற்றியமைத்த சாதாரண ஸ்கேன் கருவியைக் கட்டிக்கு நேராக வயிற்றின் மேல் பொருத்தி, ஏறத்தாழ அரை மணி நேரம், சில நிமிடங்களுக்கு ஒருமுறை குமிழி மருந்தைச் சிறிது சிறிதாகச் செலுத்தினர்.

அந்த மருத்துவமனையில் முன்பு ஜெம்சிட்டபின் மட்டும் பெற்றிருந்த நோயாளிகள் சராசரியாக 8.3 சுற்றுகள் சிகிச்சை பெற்றிருந்தனர், இவர்கள் 13.8 சுற்றுகள் பெற்றனர். வாழ்நாளின் இடைநிலை அளவு 8.9 மாதங்களிலிருந்து 17.6 மாதங்களாக உயர்ந்தது. குமிழியால் கூடுதல் நச்சு விளைவு ஏதும் காணப்படவில்லை.

வாழ்நாள் இருமடங்கு என்று படிக்கும் எந்த மகனுக்கும் நெஞ்சு படபடக்கும். எங்களுக்கும் அப்படித்தான் இருந்தது. ஆயினும் இந்த எண்களை நிதானமாகப் பார்க்க வேண்டும்.

முதலாவது, பத்துப் பேர் மிகச் சிறிய கூட்டம். அவர்களுள் இருவரோ மூவரோ இயல்பாகவே நீண்ட நாள் வாழக்கூடியவர்களாக இருந்தாலும் கணக்கு மாறிவிடும். இரண்டாவது, ஒப்பிடப்பட்டவர்கள் அதே காலத்தில் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்ட நோயாளிகள் அல்லர். முந்தைய பதிவேட்டிலிருந்து எடுக்கப்பட்டவர்கள். ஆய்வில் சேர்பவர்கள் பொதுவாக எழுந்து நடமாடும் வலிமை உள்ளவர்கள். பதிவேட்டில் எல்லா நிலையினரும் இருப்பர். மூன்றாவது, அதிகச் சுற்றுகள் பெற்றதால் நீண்ட நாள் வாழ்ந்தார்களா, நீண்ட நாள் வாழ்ந்ததால் அதிகச் சுற்றுகள் பெற்றார்களா என்பதை இந்த ஆய்வால் பிரித்தறிய இயலாது.

இவற்றைக் கூறுவதால் அந்த ஆய்வைக் குறைத்து மதிப்பிடுகிறோம் என்று கொள்ளலாகாது. இம்முறையைப் பாதுகாப்பாகச் செய்ய இயலும் என்பதை அம்மருத்துவர்கள் காட்டினர். முதல் படியில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். அதற்கு நல்ல விடை கிடைத்தது. பலன் உறுதியா என்னும் அடுத்த கேள்விக்குப் பெரிய ஒப்பீட்டு ஆய்வுகளே விடை தர முடியும்.

மூளையில் நடந்த ஆய்வுகள்

இரத்த மூளைத் தடுப்பைக் குமிழியும் குவிந்த மீயொலியும் கொண்டு, எம்.ஆர்.ஐ. வழிகாட்டுதலில் தற்காலிகமாகத் திறக்கலாம் என்பதை 2001-இல் ஹைனினனும் அவருடைய குழுவினரும் முயல்களிடம் காட்டினர். 2015 நவம்பரில் கனடா நாட்டின் டொரான்டோ நகரில், சன்னிபுரூக் மருத்துவமனையில், மூளைக்கட்டி கொண்ட நோயாளி ஒருவருக்கு மண்டையோட்டைத் திறக்காமலேயே இது முதன்முறையாகச் செய்யப்பட்டது. முயலிலிருந்து மனிதருக்கு வர 14 ஆண்டுகள் ஆயின. நோயாளிகளின் குடும்பத்தார்க்கு இது தாமதமாகத் தோன்றும். மூளையின் காவலைத் திறப்பதில் பிழை நேர்ந்தால் திருத்திக்கொள்ள வாய்ப்பில்லை என்பதை எண்ணினால், இத்தனை ஆண்டுகளும் தேவைப்பட்டவையே என்பது விளங்கும்.

சிகாகோவில் நடந்து 2023-இல் வெளியான மற்றோர் ஆய்வில், மண்டையோட்டில் பொருத்திய சிறு மீயொலிக் கருவி பயன்பட்டது. மீண்டும் வளர்ந்த கொடிய மூளைக்கட்டி உடைய 17 பேர் பங்கேற்றனர். அறுவையின்போது எடுத்த மூளைத் திசுவை அளந்ததில், ஒலி பட்ட பகுதியில் பேக்ளிடாக்செல் மருந்து சராசரியாக 3.7 மடங்கு கூடுதலாகச் சேர்ந்திருந்தது. திறந்த தடுப்பின் பெரும்பகுதி ஒரு மணி நேரத்துக்குள் மூடிக்கொண்டது. வாய்க்காலில் நீர் உண்மையாகவே ஓடியது என்பதற்கு இது நேரடிச் சான்று.

2024 ஜனவரியில் மேற்கு வர்ஜீனியாவிலிருந்து மற்றொரு செய்தி வந்தது. அல்சைமர் நோயாளிகள் மூவருக்கு அடுகனுமாப் என்னும் மருந்தை ஏற்றி, மூளையின் ஒரு பக்கத்தில் மட்டும் மீயொலியால் தடுப்பைத் திறந்தனர். ஒலி பட்ட பக்கத்தில் அமிலாய்டு படிவு, மறுபக்கத்தைவிடச் சராசரியாக 32 விழுக்காடு கூடுதலாகக் குறைந்தது. ஒவ்வொருவரின் மூளையிலும் ஒரு பக்கமே மறுபக்கத்துக்கு ஒப்பீடாக அமைந்ததால், மூவரே ஆயினும் இது மதிக்கத்தக்க முடிவு. ஆனால் படிவு குறைவது வேறு, மறதி குறைவது வேறு. மறதி தீருமா என்பதை அந்த ஆய்வு சொல்லவில்லை. அதே மாத இறுதியில், அந்த மருந்தைக் கைவிடுவதாக அதன் உற்பத்தி நிறுவனமே அறிவித்தது. வழி திறந்தாலும், அவ்வழியே செல்லும் மருந்து தகுதியுடையதாக இருக்க வேண்டும். எந்தக் குமிழியாலும் பலனற்ற மருந்தைப் பலனுள்ளதாக்க இயலாது.

எங்கள் நிலைப்பாடு

இத்துறை வளர வேண்டும் என்றே விரும்புகிறோம். இதன் அடிப்படைக் கருத்து எளியது, நியாயமானது: மருந்தைக் கூட்டாமல், அது சேர வேண்டிய இடத்தில் சேர்ப்பது. பழைய, விலை குறைந்த மருந்துகளும் இதனால் புது வலிமை பெறக்கூடும். பெர்கனில் பயன்பட்டது போன்ற ஸ்கேன் கருவி மாவட்டத் தலைநகரங்களிலும் உள்ள வகையைச் சேர்ந்தது. ஆதலால் உறுதியான சான்று கிடைக்கும் நாளில், இம்முறை செல்வர்க்கு மட்டும் உரியதாக நின்றுவிடாது என்று நம்ப இடமுண்டு.

ஆனால் அந்த நாள் இன்னும் வரவில்லை. புற்றுநோய்க்கோ மறதி நோய்க்கோ வழக்கமான சிகிச்சையாக இதனை இன்று எங்கும் பரிந்துரைக்க இயலாது. இதில் அளவு தவறினால் இருபுறமும் ஆபத்து உண்டு. ஒலி மிக மென்மையாக இருந்தால் எதுவும் நிகழாது. மிகக் கடுமையாக இருந்தால் குமிழி வெடித்து நுண்குழாய்களில் கசிவு ஏற்படலாம். ஆகவே இதனை ஆய்வு விதிகளுக்கு உட்பட்டே செய்ய வேண்டும். காசு பெற்றுக்கொண்டு இதைச் சிகிச்சை என்று விற்பவர் எவராயினும் அவரை நம்ப வேண்டாம் என்று உறுதியாகக் கூறுகிறோம்.

அதே வேளையில், "அதெல்லாம் ஆராய்ச்சி" என்று கையசைத்து அனுப்பும் மருத்துவரின் போக்கும் தவறு. நாங்கள் அதைத்தான் செய்தோம். தெளிவான விடை கிடைக்காத இடத்தில், கிடைத்த விடையை விற்க வேறொருவர் காத்திருக்கிறார். கேள்விக்குச் செலவிடாத பதினைந்து நிமிடங்களுக்கு அந்தப் பெரியவர் ஐந்து வாரங்களை விலையாகக் கொடுத்தார்.

குடும்பத்தார் கேட்க வேண்டியவை

புதிய சிகிச்சை ஒன்றைப் பற்றிப் படித்தால் அதை எங்களிடம் கொண்டு வாருங்கள், தயங்க வேண்டாம். இவற்றையும் கேளுங்கள். அந்த ஆய்வு விலங்கிடமா, மனிதரிடமா? மனிதரிடம் என்றால் எத்தனை பேர்? அவர்களை யாரோடு ஒப்பிட்டார்கள்? கட்டி சுருங்கியதா, மருந்தின் அளவு மட்டும் கூடியதா, வாழ்நாள் நீண்டதா? எங்கள் நோயாளியின் நிலைக்கு அது பொருந்துமா?

ஆய்வில் சேர அழைப்பு வந்தால், அது இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் உள்ளதா என்று பாருங்கள். 2009 ஜூன் 15 முதல் அப்பதிவு கட்டாயம். பொதுமக்கள் எவரும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இருக்க வேண்டும். ஒப்புதல் படிவத்தை உங்களுக்குப் புரியும் மொழியில் தர வேண்டும். வீட்டுக்கு எடுத்துச் சென்று படித்துப் பார்க்கக் கேளுங்கள். ஆய்வுக்கென்றே செய்யப்படும் சிகிச்சைக்கும் பரிசோதனைக்கும் உங்களிடம் பணம் பெறக்கூடாது. ஆய்வால் தீங்கு நேர்ந்தால் இலவச மருத்துவமும் இழப்பீடும் பெற 2019-ஆம் ஆண்டு விதிகள் இடமளிக்கின்றன. எந்நேரமும் விலகிக்கொள்ளலாம், விலகியதால் உங்கள் வழக்கமான சிகிச்சை குறையாது.

குமிழி மருந்து கொண்டு எடுக்கும் ஸ்கேன் பரிசோதனைக்கு வருவோருக்கும் ஒரு சொல். ஒவ்வாமை அரிதாயினும் நேரக்கூடியது. அவற்றுள் சிலவற்றில் பாலிஎத்திலீன் கிளைக்கால் வகைப் பொருள் உள்ளது. பெருங்குடல் பரிசோதனைக்கு முன் வயிற்றைச் சுத்தம் செய்யக் குடிக்கும் திரவங்கள் பலவற்றிலும் அப்பொருள் இருக்கும். அதனைக் குடித்தபோது தடிப்போ மூச்சுத்திணறலோ ஏற்பட்டிருந்தால் முன்கூட்டியே கூறிவிடுங்கள். கடுமையான இதயக் கோளாறோ நுரையீரல் இரத்தக் கொதிப்போ இருந்தாலும் கூறுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு வேண்டுகோள். வரப்போகும் சிகிச்சைக்காக, இருக்கும் சிகிச்சையை ஒரு வாரம்கூடத் தள்ளிப்போட வேண்டாம். கீமோதெரபியைத் தொடங்கிய பிறகும் தேடலாம், கேட்கலாம், ஆய்வில் சேர இயலுமா என்று விசாரிக்கலாம். ஆய்வில் சேர உடல் வலிமை வேண்டும். அந்த வலிமையைக் காப்பதற்கு இன்றுள்ள சிகிச்சை உதவும்.

அந்தப் பெரியவர் இப்போது நான்காவது சுற்றை முடித்திருக்கிறார். சென்ற முறை வந்தபோது மகனை அமர வைத்து, ஒரு தாளில் அணையையும் வாய்க்காலையும் கடைமடையையும் வரைந்து காட்டினோம். அவர் அந்தத் தாளைக் கேட்டு வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அருகில் இருந்த பெரியவர், தமக்கும் கடைமடையில்தான் நிலம் என்றார்.